சுவர்க் கடிகாரம்

வலங்கைமான் சாலையில் வந்த ஆம்புலன்ஸ்
நீடாமங்கலம் கேட்டில் நின்றது.
நெல்மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்.
பெட்டியை எண்ணுங்க அண்ணி, வலி தெரியாது
என்றாள் நாத்தனார் கோமளவல்லி.
பதினேழாவது பெட்டியில் ஒரு வலி வந்து
எண்ணிக்கை கைவிட்டுப் போனது.
மறுபடி ஒன்று, இரண்டு.
ஓட்டுநர் தம்பி இறங்கிப்போய்
கேட்கீப்பரிடம் கையைக் கையை ஆட்டினான்.
அவர் என்ன செய்வார்,
எஞ்சின் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஏற்றிப் படுக்கவைத்ததும்
எத்தனை விரல் என்றது ஒரு குரல்.
மூணு என்றது இன்னொன்று.
வயலில் தண்ணி எத்தனை விரல் நிக்குது என்று
போனில் கேட்பார் இவர்,
இதே மாதிரி, முகம் பார்க்காமல்.
இப்போது ஒரத்தநாட்டுப் பக்கம்
அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.
மாசி மாதத்தில் மணிக்கணக்குக் கூலி,
வா என்று சொல்ல மனசில்லை.

பனிக்குடம்?
கேட்லயே உடஞ்சிருச்சு சிஸ்டர்.
சகாயராணி சிஸ்டர் சிரித்தார்.
மேட்டூர் திறந்தாச்சு,
கடைமடைக்குத்தான் இன்னும் வந்து சேரல.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்
கூத்தாநல்லூர் நூருல் அய்ன். தலைப்பிரசவம்.
வலிக்கு வலி யா அல்லா என்றாள்.
என் வலியும் அவள் வலியும்
ஒரே நேரத்தில் வந்த இரண்டொரு முறை
நான் கூப்பிடவில்லை,
அவள் கூப்பிட்டதே போதும் என்றிருந்தது.
அவளைப் பார்த்துச் சின்ன நர்ஸ் ஒருத்தி
அன்னிக்கு மட்டும் என்று ஆரம்பித்தாள்.
வாயைக் கழுவிட்டு வா என்றார் சகாயராணி.
அந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது.
நான்தான் அதை மனசுக்குள் முடித்து
கெட்ட வார்த்தையில் ஒரு பதிலும் சொன்னேன்.

தலை வந்தது.
தோள் வருவதற்கு முன்னால் ஒரு நிற்றல்.
அப்போது அவள் யாருக்கும் பிள்ளையில்லை.
பெயரில்லை, வீடில்லை, அழக்கூட இல்லை.
நானும் அங்கே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.
பிறகு வழுக்கிக்கொண்டு எல்லாமும்,
மீன்குஞ்சு மதகில் போவதுபோல்.

பொண்ணு.

தையல் போட்டுக்கொண்டே
சிஸ்டர் தன் செல்போனைப் பார்த்தார்.
நாலு இருபத்தொண்ணு.
சுவரைப் பார்த்தார்.
நாலு முப்பத்தஞ்சு.
அப்புறம் தினசரிக் காலண்டரைப் பார்த்தார்.
கழுத்தில் சிலுவை போட்டவர்,
ஆனாலும் இருபது வருஷ லேபர் வார்டு.
நாலரை வரைக்கும் மூலம், என்றார் மெதுவாக.
அதுக்கப்புறம் பூராடம்.
இந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்தித்தான் ஓடும்.
எதை எழுதட்டும்?

வெளியே மாமியார் மூன்று தடவை போன் போட்டிருந்தார்,
நேரம் கேட்டு.

என் நட்சத்திரமும் மூலம்தான் சிஸ்டர்.
ஒன்பது வீட்டார் வந்து
காபி குடித்துவிட்டுப் போனார்கள்.
பெண் மூலம் நிர்மூலமாம்.
பத்தாவதாக வந்தவரிடம்
ஜாதகம் தொலைந்துவிட்டது என்று சொன்னார் என் அப்பா.
அவர் சிரித்துக்கொண்டே
என்னிடமும் இல்லை என்றார்.
அவரிடம் இருந்தது. பிறகு பார்த்தேன், பீரோவில்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
நாக்கு வறண்டிருந்தது.
சுவரையே எழுதுங்க, என்றேன்.

இது பொய்யா தெரியவில்லை.
கேட்டில் நின்ற நேரத்தை
யாரும் எந்தத் தாளிலும் கழிக்கவில்லையே.
அதில் பதினாலு நிமிஷம்
என் மகளுக்கு எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் ஒருவர் ஸ்டூலோடு வந்தார்.
கடிகாரம் தப்பா ஓடுதுன்னு
டாக்டரம்மா சொன்னாங்க, என்று ஏறினார்.
திரைக்கு அந்தப் பக்கம்
நூருல் அய்ன் இன்னும் மூன்று விரலிலேயே இருந்தாள்.
அவளுக்கு நட்சத்திரக் கணக்கு இருக்குமோ என்னவோ.
இருந்தாலும் கேட்டேன்.
அண்ணே, அவ பெத்து முடியட்டுமே.